இரவல் பட்டில் ஜீவனாம்சம் கேட்கப் போனது

நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடிய இடத்தில் ஜீவனாம்சம் என்ற பேச்சு வந்தால் பாருங்கள், ஒருத்தி குரலைத் தாழ்த்துவாள், ஒருத்தி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். நான் குரலைத் தாழ்த்துவதில்லை. நான் தின்று வளர்ந்த சோற்றில் ஒரு பங்கு அந்தச் சொல்லிலிருந்து வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பணம் ஞாபகம் வருவதில்லை. கத்தரிப்பூ நிறத்தில், மஞ்சள் கரை போட்ட ஒரு பட்டுப் பாவாடைதான் ஞாபகம் வரும். அது என்னுடையது இல்லை. ஒரே ஒரு நாள் கட்டினேன். அந்த ஒரு நாளைச் சரிசெய்ய எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ராஜபாளையத்தில் மாமா வீட்டுப் பின்கட்டில் ஒரே அறையில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா மில்லில் பிட்டராக இருந்தார். நல்ல கைவேலைக்காரர். ஓடாத மிஷினைக் காது வைத்துக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். எங்கள் வீட்டுக் கோளாறு மட்டும் அவர் காதில் விழவில்லை. தளவாய்புரத்தில் அவருக்கு இன்னொரு குடும்பம் ஆயிற்று. முதலில் சம்பள நாளைக்கு மட்டும் வந்தார். பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தார். மஞ்சள் பையில் ஒரு கவுன் துணி, ஒரு பட்டாசுக் கட்டு, கொஞ்சம் காராச்சேவு. அம்மா அந்தப் பையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அம்மா காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தாள். கஞ்சி போட்ட நூலின் புளித்த வாசனை அவள் சேலையை விட்டு ஒருநாளும் போனதில்லை. தலையில் எப்போதும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய்த் தார் சுற்றுவேன். தறி நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் நூல் சுற்றுகிற வேலை அது. கூலி குறைவுதான். ஆனால் சோற்றுக்குக் குறை வந்ததில்லை. நூல் விலை ஏறித் தறிக்கூடத்தை இரண்டு மாதம் மூடிப்போட்டார்கள். அப்போதுதான் குறை வந்தது. அத்தை முகம் பார்த்து அரிசி வாங்க வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துத் தறிக்காரி ஒருத்தி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவள் காதில் ஏறியது.

"கட்டுனவன் கஞ்சி ஊத்தலைன்னா கோர்ட்டுல கேளு. பெத்த பிள்ளைக்குக் குடுத்துத்தான் ஆவணும்னு சட்டமே இருக்கு."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு ஒரு குமாஸ்தா இருந்தார். மனுவில் அம்மா கைநாட்டு வைத்தாள். நான் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன். அம்மா முதல் மனுதாரர், நான் இரண்டாம் மனுதாரர். அப்பா எதிர்மனுதாரர். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் மனுதாரர் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏதோ பரிசு வாங்கினது போல.

இரண்டு வாய்தா வெறுமனே போயிற்று. மூன்றாவது வாய்தாவுக்கு முந்தின நாள் குமாஸ்தா அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

"நாளைக்கு விசாரணை. பிள்ளையைக் கூட்டிட்டு வா. தலைக்கு எண்ணெய் வைக்காத. பழைய பாவாடையாப் பாத்துக் கட்டிவிடு. கிழிசல் இருந்தா இன்னும் நல்லது."

அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் மாமா கேட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினார். மாமா பட்டாளத்திலிருந்து வந்தவர். வடக்கே பல ஊர் பார்த்தவர் என்பதால் கோர்ட்டு, கச்சேரி எல்லாம் அவருக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம். அவரும் நினைத்தார்.

"அவன் கெடக்கான், பைத்தியாரக் குமாஸ்தா. கிழிசலோட போயி நின்னா என்ன எழுதுவாக தெரியுமா? இவளுக்குப் பிள்ளை வளக்க வக்கில்ல, அப்பன்கிட்ட விட்டுருன்னு எழுதுவாக. தேவதானத்துல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவா அண்ணே?"

"பொறவு? பணம் கேக்கப் போயி பிள்ளையை விட்டுட்டு வருவியா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை கோர்ட்டு என்றால் பஸ்ஸில் போகலாம், பால்கோவா தின்னலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று முதல் வேறு பயம் பிடித்தது. தளவாய்புரத்தில் முகம் தெரியாத ஓர் அம்மா வீட்டில் நான் படுத்திருப்பது போலவும், எழுந்து பார்த்தால் நூல் வாசனை இல்லாதது போலவும் நினைத்துப் பார்த்தேன்.

அன்றைக்கே அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். அது தெலுங்கு பேசுகிறவர்கள் வீடு. வசதியான வீடு. அந்த வீட்டம்மா தன் மகளுடைய பட்டுப் பாவாடையையும் ஜிமிக்கியையும் எடுத்துக் கொடுத்தார்கள். "போயிட்டு ரா அம்மாயி, அழுக்குப் பண்ணாம ரா" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்கள். காலையில் அம்மா என் தலையில் எண்ணெய் வைத்து, படிய வாரி, இரட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வைத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தப் பட்டின் சரசரப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நடந்தால் ஒரு சத்தம், உட்கார்ந்தால் ஒரு சத்தம்.

கோர்ட்டு வாசலில் எங்களைப் பார்த்த குமாஸ்தாவின் வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது.

"என்னத்தா இது? கோர்ட்டுக்கு வந்தியா, கல்யாண வீட்டுக்கு வந்தியா?"

"எம் பிள்ளை எப்பவும் இப்படித்தான் இருப்பா" என்றாள் அம்மா.

டவாலி எங்கள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டான். உள்ளே உயரத்தில் மாஜிஸ்திரேட்டு ஐயா. மேலே காற்றாடி கிறீச் கிறீச் என்று சுற்றியது. அந்தப் பக்கம் அப்பா வெள்ளைச் சட்டையில் நின்றார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்துக்கொண்டார். அவர் வக்கீல், தன் கட்சிக்காரருக்கு மில் வேலை போய்விட்டது, இப்போது சேத்தூர்ப் பக்கம் தோப்புகளில் கூலி வேலை பார்க்கிறார் என்றார். அது பொய் என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. பிறகு அம்மா கூண்டில் ஏறினாள். அப்பாவின் வக்கீல்தான் கேட்டார்.

"இது யாரும்மா, உன் பொண்ணா?"

"ஆமா."

"நல்லா இருக்கு. இந்தப் பட்டுப் பாவாடை யார் எடுத்துக் கொடுத்தது?"

அம்மா, எங்களோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தாள். மாமா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நாந்தான்."

"ஜிமிக்கி?"

"அதும் நாந்தான்."

"அப்போ தறியில நல்ல வருமானம்னு சொல்லு."

"எம் பிள்ளைய நான் நல்லாத்தான் வச்சிருக்கேன். ஒரு குறையும் இல்ல."

அந்த வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

தீர்ப்பில் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, அவள் சம்பாதிக்கிறாளாம். எனக்கு மாதம் நாற்பது ரூபாய், எதிர்மனுதாரர் மணியார்டரில் அனுப்ப வேண்டும். குமாஸ்தா வெளியே வந்து, பட்டுப் பாவாடைக்கு நாற்பது ரூபாயே ஜாஸ்தி என்றார். மாமாவுக்கு மட்டும் சந்தோஷம். "பணத்தை விடு. பிள்ளையை யாராவது கேட்டானா? கேக்கல. அதான் வேணும்" என்று சொல்லி எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றதில் நெய் வடிந்து பாவாடையில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறை. அம்மா கடலைமாவு போட்டுப் பார்த்தாள், திருநீறு போட்டுப் பார்த்தாள். போகவில்லை. எதிர்வீட்டம்மா "பரவாலேது" என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கரண்டி கூட எங்களுக்கு இரவல் வந்ததில்லை. நியாயம்தான்.

மணியார்டர் மூன்று மாதம் வந்தது. தபால்காரர் மை டப்பாவைத் திறப்பார், அம்மா பெருவிரலை ஒற்றுவாள். அந்த விரலை அன்று முழுக்கக் கழுவ மாட்டாள். நாலாம் மாதம் வரவில்லை. ஐந்தாம் மாதமும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அம்மாவைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். வாசல் வரை வந்து இல்லை என்று சொல்ல அவருக்கே சங்கடம்.

ஒருநாள் சந்தையில் குமாஸ்தா எதிர்ப்பட்டார்.

"என்னத்தா, பணம் வருதா?"

"இல்லய்யா."

"வரலைன்னா வந்து சொல்ல வேண்டாமா? உத்தரவு போட்டதோட கோர்ட்டு தூங்கிரும். நாமதான் போயி எழுப்பணும். ஒரு வருசத்துக்குள்ள மனுப் போட்டாத்தான் பாக்கியை வசூல் பண்ண முடியும். தாண்டுச்சுன்னா அந்தந்த மாசம் போனது போனதுதான்."

அம்மா சரி என்றாள். ஆனால் போகவில்லை. மாமா விடவில்லை என்று சொல்வது பாதிதான் உண்மை. அவளே பயந்தாள். "நெருக்குனா அவன் பிள்ளையைக் கேப்பான். நாற்பது ரூவாய்க்கு வம்பை விலைக்கு வாங்காத" என்று மாமா சொன்னதை அவள் தறியில் உட்கார்ந்துகொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பத்து மாதம் இப்படியே ஓடியது. எனக்குப் பள்ளிக்கூடப் பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. அடியில் பேண்டேஜ் துணியை நாலாக மடித்து ஒட்டுப் போட்டு நீளமாக்கினாள். பிள்ளைகள் என்னை ஆஸ்பத்திரி என்று கூப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தடியில். மில் எண்ணெய் வாசனை வந்தது. தோப்பில் கூலி வேலை பார்க்கிறவர் மேல் எப்படி மில் எண்ணெய் வாசனை வரும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

"ஏட்டி, இங்க வா" என்றார். மெல்லத்தான் கூப்பிட்டார். ஒரு பால்கோவாப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். என் பாவாடையின் ஒட்டைச் செத்த நேரம் பார்த்தார். "அங்க வாறியா? அங்க காத்தாடி இருக்கு. டேப் ரிக்கார்டர் இருக்கு."

நான் அவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாராவது கேட்டா எங்க அப்பாகிட்டதான் இருப்பேன்னு சொல்லு. சொல்லுவியா?"

நான் தலையாட்டினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. வீட்டுக்கு ஓடி வந்தேன். பொட்டலத்தை வழியில் ஓடையில் போட்டுவிட்டேன். தின்றுவிட்டால் அவரோடு போக ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. நாலு நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள் என்று பயம். ஐந்தாம் நாள் அவர் மறுபடி நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஏறிக் குதித்து, முழங்கால் சிராய்த்துக்கொண்டு நேரே தறிக்கூடத்துக்குப் போனேன்.

"எங்க விழுந்த?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை. தறியை நிறுத்திவிட்டு, நெய்துகொண்டிருந்த துணியின் ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து என் முழங்காலில் கட்டினாள். முதலாளி வீட்டுத் துணியை அவள் கிழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கேட்டா பிள்ளையைக் கேப்பான்னு பத்து மாசமா வாயை மூடிட்டு இருந்தேன். நான் கேக்காமயே வந்து நிக்கான் பாத்தியா" என்றாள். "அப்பக் கேட்டுட்டே இருக்கலாம்."

மாமாவிடம் அவள் யோசனை கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னாள், அவ்வளவுதான். மாமா முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். வக்கீல் இரண்டு மனு போட்டார். வராத பணத்தை வசூலித்துத் தர ஒன்று. பிள்ளை வளர்ந்துவிட்டாள், செலவு ஏறிவிட்டது, தொகையைக் கூட்டித் தர வேண்டும் என்று ஒன்று. போட்ட உத்தரவு போட்டபடியே நிற்க வேண்டும் என்று இல்லை, காலம் மாறினால் மாற்றிக் கேட்கலாம் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். எண்ணெய் வாசனையைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குமாஸ்தா முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டாம் மனுதாரர் கெட்டிக்காரி" என்றார். மில் ஆபீஸுக்குச் சம்மன் போயிற்று.

விசாரணை நாளில் நான் ஒட்டுப் போட்ட பாவாடையில்தான் போனேன். யாரும் அப்படி வரச் சொல்லவில்லை. வேறு இல்லை.

மில் ஆபீஸிலிருந்து ஒரு குமாஸ்தா பெரிய சம்பள ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அப்பா ஒருநாள் கூட மில்லை விட்டு நின்றதில்லை என்பது அதில் இருந்தது. அவர் வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். ஆனால் மடக்குவதற்கு அவரிடம் வேறொன்று இருந்தது. எழுந்து, போன தடவை இதே கூண்டில் இந்த அம்மா என்ன சொன்னார் என்று வாசித்துக் காட்டினார். பட்டுப் பாவாடை நான்தான் எடுத்தேன். ஜிமிக்கியும் நான்தான். ஒரு குறையும் இல்லை.

"இன்னைக்கு இல்லைங்கிறாங்க. எது உண்மை?" என்றார். "இவங்களால வளக்க முடியலைன்னா என் கட்சிக்காரர் பிள்ளையை வச்சுக்கிடத் தயாரா இருக்கார்."

அப்பாவும் நிமிர்ந்தார். "ஆமாங்கய்யா. பிள்ளைய எங்கிட்ட விடட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா கூண்டில் நின்றபடி கட்டையைப் பிடித்திருந்தாள். நான் மாமா பக்கத்தில் பெஞ்சில் இருந்தேன். முடியவில்லை என்று அம்மா சொன்னால் நான் போக வேண்டும். முடியும் என்று சொன்னால் பழைய கதைதான், நாற்பது ரூபாயும் வராது. அவள் மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அப்பாவை நேராகப் பார்த்தாள். எத்தனையோ தீபாவளிக்குத் தண்ணீர் கொடுத்தும் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

"அந்தப் பட்டுப் பாவாடை எதுத்த வீட்டுல இரவல் வாங்குனது ஐயா. ஜிமிக்கியும் இரவல். எங்கிட்ட அப்படி ஒண்ணு எப்பவும் இருந்ததில்ல."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அவருக்கு முன்னால் அதைச் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன்.

மாஜிஸ்திரேட்டு ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, சத்தியம் பண்ணிட்டு அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"வளக்க முடியலைன்னு தெரிஞ்சா பிள்ளையை அவியகிட்ட குடுத்துரச் சொல்லுவீகன்னு பயம்யா."

"யார் சொன்னது உனக்கு?"

அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் மாமா மேலே காற்றாடியைப் பார்க்க ஆரம்பித்த விதத்திலேயே ஐயாவுக்குப் புரிந்திருக்கும்.

"நல்லாக் கேட்டுக்கோ. கோர்ட்டுல பொய் சொல்லக்கூடாது, அதை முதல்ல மனசுல வை. ரெண்டாவது, பிள்ளை யார்கிட்ட இருக்கணும்ங்கிறது இங்க வர்ற வழக்கே இல்ல. அதுக்கு வேற கோர்ட்டு, வேற மனு. பிள்ளை உங்கிட்ட இருக்கு. அப்பன் அதுக்குக் குடுக்கானா இல்லையா, இங்க அது ஒண்ணுதான் கேள்வி. நீ இல்லாதவங்கிறதுக்காகப் பிள்ளையை யாரும் பிடுங்க முடியாது. இல்லைங்கிறதுக்குத்தான் இந்தச் சட்டமே."

எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் அம்மாவின் கை கூண்டுக் கட்டையை விட்டதைப் பார்த்தேன். அதுவரை வெள்ளையாக இருந்த விரல் கணுக்களில் ரத்தம் திரும்பி வந்தது.

ஐயா அப்பா பக்கம் திரும்பினார். "பாக்கியைக் கட்டுறீரா, வாரண்டு போடவா?"

"எங்கிட்ட இல்லைங்கய்யா. நான் ஜெயிலுக்கே போறேன். ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்தா கணக்குத் தீந்துரும்லா."

"அது யார் சொன்னது உமக்கு?"

"மில்லுல சொன்னாக."

கோர்ட்டில் இருந்த வக்கீல்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ஐயாவும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "தீராது. உள்ள போயிட்டு வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிக்கும். சம்பளம்தான் போகும்."

அப்பா பிடரியைச் சொறிந்துகொண்டு தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளையைக் கேட்டால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் பட்டாளத்து மாமாவின் சட்டம் நடந்தது என்றால், அந்த வீட்டில் மில் வாசல் டீக்கடைச் சட்டம் நடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இல்லாத சட்டத்துக்குப் பயந்து, இருக்கிற சட்டத்தை விட்டுவிட்டோம். வேப்பமரத்தடியில் என்னைக் கூப்பிட்ட குரலில் பாசமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒட்டுப் போட்ட பாவாடையை அவர் பார்த்த பார்வை என்னவோ பொய்யில்லை. ஆனாலும் என்னைக் கேட்டது எனக்காக இல்லை.

பாக்கியை இரண்டு தவணையில் கட்ட வேண்டும் என்று ஐயா எழுதினார். மாதம் நூறு ரூபாய் என்று கூட்டினார். அதை மில்லிலேயே சம்பளத்தில் பிடித்துக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் உத்தரவு. இனி அவர் கொடுக்கவும் வேண்டாம், கொடுக்காமல் இருக்கவும் வேண்டாம். தபால்காரர் தெருமுனையில் கையை விரிக்கவும் வேண்டாம்.

அந்தப் பணம் எனக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை வந்தது. அதை வைத்து நான் பெரிய படிப்புப் படித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஐந்தோடு எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதற்கு அப்பாவையோ சர்க்காரையோ குறை சொல்ல மாட்டேன். தறிக்குப் போனேன், பிறகு சொந்தமாகவே தறி போட்டேன். என் கல்யாணத்துக்கு அப்பா வந்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மாவே அவர் இலையில் பாயசம் ஊற்றினாள். போதும் என்று அவர் கையைக் காட்டினார். அவ்வளவுதான் பேச்சு. மாமா சாகும் வரை, தான் சொன்னதால்தான் பிள்ளை நம்மிடம் இருந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் ஆமாண்ணே என்று விட்டுவிடுவாள்.

ஆனால் அன்றைய நாள் கோர்ட்டு வாசலோடு முடியவில்லை. மாமா, ஸ்ரீவில்லிபுத்தூரில் தன்னோடு பட்டாளத்தில் இருந்த ஒருத்தரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டார். நானும் அம்மாவும் தென்காசி பஸ்ஸில் ஏறினோம். சன்னலோரம் எனக்கு. பஸ் ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வரத் தொடங்கும் முன்னாலேயே அம்மாவின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தூங்கினாள். எனக்கு அது புதிது. வீட்டில் நான் எப்போது புரண்டு படுத்தாலும் அவள் விழித்துக்கொண்டிருப்பாள். மேற்கே மலை நீலமாகக் கூடவே வந்தது. அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

ராஜபாளையம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். "ராஜபாளையம் எல்லாம் இறங்குங்க" என்று கண்டக்டர் இரண்டு தரம் கூவினார். நான் அம்மாவைப் பார்த்தேன். எழுப்பவில்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் வந்தார். "ஏ பாப்பா, நீங்க ராஜபாளையம்தானே?"

"அம்மா தூங்குதா" என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார். தலையில் பஞ்சு, காலில் செருப்பில்லை. என்ன நினைத்தாரோ, முன்னால் போய்விட்டார். சேத்தூரில் பஸ் நின்றபோதுதான் அவள் திடுக்கிட்டு விழித்தாள். அள்ளிப்பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

"ஏட்டி, ஏன் எழுப்பல?"

"நீ தூங்குனியே."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தளவாய்புரத்துக்குப் போகிற வண்டி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. தளவாய்புரம், தளவாய்புரம் என்று அந்தக் கண்டக்டர் எங்களைப் பார்த்தே கூவினார். அந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிற எனக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அது ஓர் ஊர். அங்கே போக ஒரு பஸ் இருக்கிறது, அவ்வளவுதான்.

"வரலய்யா, நாங்க அந்தப் பக்கம் இல்ல" என்றாள் அம்மா. என் கையைக் கூடப் பிடிக்காமல், முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் ராஜபாளையம் பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே வருவேன் என்று அவளுக்குத் தெரியும்.